லாஞ்சர் ‘விருப்பமிருந்தால் மட்டும்’ என்றால், வேண்டாம் என்று எங்கே சொல்வது?

மேட்டுக்கடை சேவை மையம் கேட்கிறார்:

தக்கலை மேட்டுக்கடையில், வீட்டின் முன்னறையில், பத்துக்குப் பன்னிரண்டு அடி இடத்தில் ஆன்லைன் சேவை மையம் நடத்துகிறேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, வில்லங்கச் சான்று, முதியோர் உதவித்தொகை, அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை பார்க்கும் பெண்களின் பி.எஃப். பணம், இவைதான் பிழைப்பு. கணினி ஒன்றே ஒன்று. காலை ஒன்பதரை முதல் இரவு ஏழரை வரை அது ஊருக்குச் சொந்தம். அதற்குப் பிறகு பிளஸ் ஒன் படிக்கும் என் மகனுக்கு.

போன மாதம் ஒரு தள்ளுபடி விற்பனையில் 349 ரூபாய்க்கு அவனுக்கு ஒரு விளையாட்டு வாங்கிக் கொடுத்தேன். கோட்டை கட்டி, வயல் உழுது, களஞ்சியம் நிரப்புகிற பழைய வகை விளையாட்டு. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தால் வாங்கித் தருவதாக அவன் அப்பா ஷார்ஜாவிலிருந்து வாக்குக் கொடுத்துவிட்டார். வாக்கை நிறைவேற்றும் பொறுப்பு வழக்கம்போல் என் தலையில் விழுந்தது. விற்ற கடையின் பெயர் இங்கே வேண்டாம். அதன் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘லாஞ்சர் கட்டாயமில்லை, விரும்பினால் போட்டுக்கொள்ளலாம்’ என்று இருந்தது. லாஞ்சர் என்றால் விளையாட்டை இறக்கித் தரவும் புதுப்பிக்கவும் திறந்துவைக்கவும் நடுவில் நிற்கிற மென்பொருள். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் பணம் கட்டினேன்.

பணம் கட்டியதும் பக்கத்தின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைப் பொத்தான் வந்தது: ‘இப்போதே விளையாடு’. மகன் அழுத்தினான். இறங்கியது லாஞ்சர். அது முதலில் நிர்வாகி அனுமதி கேட்டிருக்கிறது, பையன் கொடுத்துவிட்டான். கணக்குத் தொடங்க மின்னஞ்சல் கேட்டிருக்கிறது. என் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டான். பிறந்த ஆண்டுக்கு 1990 என்று போட்டிருக்கிறான். அது அவன் சித்தி பிறந்த ஆண்டு.

மறுநாள் காலை முளகுமூட்டிலிருந்து ஒரு பாட்டி வந்தார். உதவித்தொகை மூன்று மாதமாக வரவில்லை. அவருடைய ஆதார் அட்டையை நான் ஸ்கேன் செய்துகொண்டிருந்தபோது திரையில் பாதியை மூடிக்கொண்டு ஒரு விளம்பரம் எழும்பி வந்தது. கையில் பெரிய வாள், உடம்பில் சின்னத் துணி. பாட்டி கண்ணாடியைச் சரிசெய்து நன்றாகப் பார்த்துவிட்டு, “இது எந்த ஆபீஸ் மக்களே?” என்று கேட்டார்.

அவர் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. நான் அந்த லாஞ்சரைத் திறக்கவே இல்லை. கணினியோடு சேர்ந்து அதுவே எழுந்து, அதுவே கணக்குக்குள் நுழைந்து, நான் ஒவ்வொருவரின் காகிதத்தையும் ஸ்கேன் செய்த நேரம் முழுவதும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. டெஸ்க்டாப்பில் ‘ஆதார் புதியது’ என்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன். இருநூறு பேருக்கு மேல். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் அதில்தான்.

அன்று இரவு அதன் அமைப்புகளைத் தோண்டினேன். மூன்றாவது பக்கத்தில், ‘மேலும்’ என்பதை அழுத்தினால் விரிகிற இடத்தில் ஐந்து கட்டங்கள். விண்டோஸ் தொடங்கும்போது தொடங்கு, பயன்பாட்டுத் தகவலை அனுப்பு, கணினியின் விவரங்களை அனுப்பு, நான் விளையாடுவதை நண்பர்களுக்குக் காட்டு, எனக்கேற்ற சலுகைகளைக் காட்டு. ஐந்திலும் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தியில் இரண்டாம் முறை சோறு போடுவதற்குக்கூட ‘வைக்கட்டுமா’ என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார்கள்.

நீக்கினேன். ‘ஏன் போகிறீர்கள்’ என்று ஒரு படிவம் வந்தது. படிவம் நிரப்பியே வயிறு வளர்க்கிற எனக்கே அலுத்துப்போகும் நீளம். நீக்கியபிறகும், பின்னணியில் தானாக ஓடும் நிரல்களைக் காட்டும் விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் அதன் பெயரில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு அந்தக் கடைப் பக்கத்தைக் கடைசிவரை கீழே தள்ளிப் பார்த்தேன். பச்சைப் பொத்தானுக்கு மூன்று திரை கீழே, வெள்ளைச் சேலையில் மோர் சிந்திய மாதிரி மங்கலாக, சாம்பல் நிறத்தில் ஒரு வரி: ‘லாஞ்சர் இல்லாத இன்ஸ்டாலர்’. அதாவது விளையாட்டை நேரடியாக நிறுவும் கோப்பு. அப்படியானால் அவர்கள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

லாஞ்சர் என் வாடிக்கையாளர்களின் கோப்புகளைப் பார்த்திருக்க முடியுமா? அந்தச் சாம்பல் வரியில் இருப்பதைப் போட்டால் வேறொன்றும் ஒட்டிக்கொண்டு வராதா? இதைக் கேட்க நம் நாட்டில் சட்டம் ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கணினியைப் பையனிடம் கொடுக்காதே என்று மட்டும் சொல்ல வேண்டாம். அதை என் மைனி ஏற்கனவே சொல்லிவிட்டார்.


சிரட்டைப்பால், குலசேகரம்:

அக்கா, காலையில் அப்பாவோடு ரப்பர் வெட்டு, சிரட்டையில் பால் எடுத்து முடிந்தபிறகு பதினொரு மணியிலிருந்து கணினி பழுது பார்க்கும் கடை. மழை பிடித்துக்கொண்டால் வெட்டு இல்லை, நாள் முழுக்கக் கடைதான். உங்கள் கதை மாதிரி மாதம் இரண்டு மூன்று என் மேசைக்கு வரும்.

முதலில் மிச்சமிருக்கும் அந்த சர்வீஸ். கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து பாருங்கள், சில நேரம் அதோடு போய்விடும். போகவில்லையென்றால் சர்வீசஸ் சாளரத்தில் அதன் பெயரை இருமுறை அழுத்தி, தொடங்கும் வகையை ‘முடக்கு’ என்று மாற்றுங்கள். நிரல்களைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரையும் பாருங்கள். சில லாஞ்சர்கள் ‘புதுப்பிப்புக்காக’ என்று அங்கே ஒரு ஆணியை அடித்துவிட்டுப் போகும்.

இனி அந்தச் சாம்பல் வரி. நீங்கள் 349 ரூபாய் கொடுத்து வாங்கிய பொருள் அதுதான். இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இறக்கிய கோப்பை வலது சொடுக்கி, பண்புகளில் டிஜிட்டல் கையொப்பம் என்ற பகுதியில் விற்ற நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வீட்டு ரவுட்டரை அணைத்துவிட்டு நிறுவுங்கள். இணையமே இல்லாமல் நிறுவி, இணையமே இல்லாமல் திறந்தால் அந்த விளையாட்டு உங்களுடையது. நடுவில் ‘இணைப்பைச் சரிபார்க்கவும்’ என்று நின்றால் கடைக்காரர் சொன்னதில் பாதிதான் உண்மை. நிறுவும்போது ‘அடுத்து, அடுத்து’ என்று தட்டாதீர்கள். லாஞ்சரையும் சேர்த்து நிறுவட்டுமா என்று ஒரு கட்டம் நடுவில் வந்தாலும் வரும்.

பென் டிரைவில் வைப்பதானால் ஒரு சங்கதி. பழைய பென் டிரைவ்கள் ஃபேட்32 அமைப்பில் இருக்கும். அதில் 4 ஜி.பி.க்கு மேலான ஒற்றைக் கோப்பு ஏறாது. ‘இடம் இருக்கிறது, ஆனால் ஏறவில்லை’ என்று பலர் என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எக்ஸ்ஃபேட் ஆக மாற்றிக்கொண்டால் போதும். மாற்றும்போது உள்ளே இருப்பது அழிந்துவிடும், அதற்கு முன் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

இணையமில்லாத இன்ஸ்டாலரின் அருமை எனக்கு 2017 நவம்பர் 30-ஆம் தேதிக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒக்கி புயல். எங்கள் தோட்டத்தில் மட்டும் நாற்பத்தாறு ரப்பர் மரம் முறிந்தது, வாழை ஒன்றுகூட நிற்கவில்லை. கரண்ட் கம்பங்கள் சாலையில் கிடந்தன. கரண்ட் வரப் பல நாள் ஆகும் என்று தெரிந்துவிட்டது. ஐந்தாம் நாள் சித்தப்பா வீட்டில் டீசல் ஜெனரேட்டர் ஓட்டினார்கள், செல்போனுக்குச் சார்ஜ் போட. எனக்கு அரை மணி நேரம் கணினி கிடைத்தது. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டைத் திறந்தேன். லாஞ்சர் வந்து, ‘மீண்டும் உள்நுழையவும்’ என்றது. ஊரில் டவரே இல்லை. நான் எங்கே போய் உள்நுழைவது? அதே கணினியில் ஒரு நண்பனிடமிருந்து சி.டி.யில் வாங்கிய பழைய கார் பந்தயம் ஒன்று கிடந்தது, அது ஒன்றும் கேட்காமல் ஓடியது. அந்த நாட்களில் ஒன்றும் கேட்காமல் உதவியவர்களை நான் மறக்கவில்லை, அந்த கார் பந்தயம் உட்பட.

மகனுக்கு விண்டோஸில் தனிக் கணக்கு போடுங்கள், நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு. உங்கள் கணக்குக்கு அவனுக்குத் தெரியாத கடவுச்சொல். அவன் கணக்கில் ஓடும் சாதாரண நிரல், உங்கள் கணக்கின் டெஸ்க்டாப்பைத் திறக்க முடியாது. ஆனால் நிர்வாகி அனுமதி வாங்கி சர்வீஸாக உட்கார்ந்தது எதற்கும் இந்தச் சுவர் பொருந்தாது, அது வீட்டுச் சாவிக்கொத்தையே வாங்கியதற்குச் சமம். ஆகவே லாஞ்சர் வேண்டாம் என்பதில் உறுதியாக இருங்கள்.


அருமனை 17:

எல்லோரும் லாஞ்சரைத் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள், ஒருவனாவது அதன் பக்கம் பேச வேண்டாமா?

போன ஐப்பசியில் எங்கள் வீட்டுப் பக்கம் இடி விழுந்தது. ரவுட்டர், டிவி, என் கணினியின் ஹார்டு டிஸ்க் எல்லாம் ஒரே நொடியில். நூற்றுநாற்பது மணி நேரம் விளையாடிச் சேர்த்தது. புது டிஸ்க் வாங்கி, லாஞ்சரைப் போட்டு, உள்நுழைந்தேன். நான் விட்ட இடத்திலேயே குதிரை நின்றுகொண்டிருந்தது. ஆட்டத்தை இணையத்தில் சேமித்து வைக்கும் இந்த மேகச் சேமிப்பைச் சாம்பல் வரி இன்ஸ்டாலர் தருமா? புதுப்பிப்பு வந்தால் தானாக ஏறும் வசதி? ஒவ்வொரு முறையும் அக்கா கடைப் பக்கத்துக்குப் போய், எந்தப் பதிப்பு புதியது என்று பார்த்து, மறுபடி இறக்கிக்கொண்டிருக்க வேண்டும். நண்பர்களோடு சேர்ந்து விளையாடும் பல விளையாட்டுகள் லாஞ்சர் இல்லாமல் நகரவே நகராது.

தகவல் போகிறது என்கிறீர்கள். கையிலிருக்கும் செல்போனிலிருந்து போகாததா? ஒரு கிராபிக்ஸ் கார்டின் பெயர் தெரிந்து அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள்?


வடசேரி ஓய்வூதியன்:

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 31 ஆண்டு இருந்தவன். கம்பியில் என்ன போகிறது என்று யோசிப்பது பழக்கமாகிவிட்டது.

மகளே, உன் முதல் கேள்விக்கு நேரான பதில்: பார்த்திருக்க முடியும், பார்த்தது என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. விண்டோஸில் பொதுவாக நீ ஓட்டும் எந்த நிரலும் நீ திறக்கக்கூடிய எந்தக் கோப்பையும் திறக்கலாம். அந்த லாஞ்சர் அப்படிச் செய்தது என்று சொல்ல உன் கையில் ஒன்றும் இல்லை, ஆகவே சொல்லாதே. ஆனால் வாடிக்கையாளர் காகிதம் இருக்கிற இடத்தில் ‘முடியும்’ என்பதே போதுமான காரணம்.

இது உனக்கு மட்டும் வந்த பிரச்சினையும் கிடையாது. 2004 நவம்பரில் ஹாஃப்-லைஃப் 2 என்ற விளையாட்டு வெளிவந்தபோது, கடையில் பெட்டியாக வாங்கியவர்களும் ஸ்டீம் என்ற லாஞ்சரில் கணக்குத் தொடங்கித்தான் ஆட முடிந்தது. அப்போது அதற்குப் பெரிய எதிர்ப்பு. 2011-இல் ஈ.ஏ. நிறுவனத்தின் ஆரிஜின் லாஞ்சர், கணினியில் வேறு என்னென்ன மென்பொருள் இருக்கின்றன என்ற தகவலையும் திரட்ட இடம் கொடுக்கும் ஒப்பந்தத்தோடு வந்தது. ஜெர்மானியர்கள் கூச்சல் போட்டார்கள். நிறுவனம் வாசகத்தைத் திருத்தியது. 2019 மார்ச்சில் எபிக் லாஞ்சர், ஸ்டீம் வைத்திருந்த ஒரு கோப்பை நகலெடுத்து வைக்கிறது என்று பயனர்கள் கண்டுபிடித்தார்கள். நண்பர் பட்டியலைக் கொண்டுவர நீங்கள் ஒப்புக்கொண்டால் மட்டுமே அதிலிருந்து தகவல் அனுப்புகிறோம் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. ஒப்புக்கொள்ளும் முன்பே ஏன் நகலெடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு, அவசரத்தில் அப்படி எழுதிவிட்டோம், மாற்றுகிறோம் என்றார்கள். கவனித்துப் பார், இந்த மூன்றிலும் குரல் எழுப்பியவர்கள் விளையாடுகிறவர்கள்தான்.

அருமனைத் தம்பிக்கு: கிராபிக்ஸ் கார்டின் பெயரைக் கேட்பது பெரிய குற்றம் இல்லைதான். ஸ்டீம்கூட வன்பொருள் கணக்கெடுப்பு நடத்துகிறது. ஆனால் சாளரம் ஒன்று வந்து, கலந்துகொள்கிறீர்களா என்று கேட்கும், மறுத்தால் போய்விடும். கேட்டு வாங்குவதற்கும் எடுத்துக்கொண்டு பிறகு சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை உன் தோட்டத்து மட்டிப்பழக் குலையை வைத்து யோசித்துப் பார்.

லாஞ்சர் இல்லாவிட்டால் அமைதி என்றும் நினைத்துவிட வேண்டாம். 2018-இல் பல விளையாட்டுகளுக்குள்ளேயே ரெட் ஷெல் என்ற பின்தொடரும் நிரல் இருந்தது தெரியவந்தது. எந்த விளம்பரத்தைப் பார்த்து விளையாட்டை வாங்கினீர்கள் என்று அறிவதற்காக வைத்தது. எதிர்ப்பு வந்ததும் பலர் கழற்றினார்கள். ஆகவே இதைச் செய்: விண்டோஸ் ஃபயர்வால் வெளியிலிருந்து அழையாமல் வருவதைத்தான் தானாகத் தடுக்கும், உள்ளிருந்து வெளியே போவதை விட்டுவிடும். ஃபயர்வாலின் மேம்பட்ட அமைப்பில் ‘வெளிச்செல்லும் விதிகள்’ என்ற பகுதியில் அந்த விளையாட்டின் இயங்கு கோப்பைக் காட்டித் தடை போடு. தனியாக ஆடும் விளையாட்டுக்குக் கம்பியில் ஒரு வேலையும் இல்லை.


மேட்டுக்கடை சேவை மையம்:

ஐயா, நன்றி. ஆதாரம் இல்லாததைச் சொல்லாதே என்றதற்குத் தனியாக ஒரு நன்றி. நான் பாதி எழுதி வைத்திருந்த ஒரு கோபக் கடிதத்தை அழித்துவிட்டேன்.

அருமனைத் தம்பி, உன் இடியை நான் நம்புகிறேன். எங்கள் வீட்டிலும் ஐப்பசியில் மோடத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தூங்குவோம். உனக்கு லாஞ்சர் பிடித்திருக்கிறது, நீ தெரிந்து போட்டுக்கொண்டாய், அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. என் வழக்கு பச்சைப் பொத்தானோடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவில், ஒரே நிறத்தில் வைத்திருந்தால் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டேன். பையன் லாஞ்சர்தான் வேண்டும் என்று அதைத் தேர்ந்தெடுத்திருந்தால்கூட, அது அவனுக்கும் எனக்கும் நடக்கும் சண்டையாக இருந்திருக்கும், வீட்டுக்குள் முடிந்திருக்கும்.

செல்போனிலிருந்து போகவில்லையா என்றாய். போகிறது. வேலியில் ஓட்டை இருக்கிறது என்பதற்காக வாசலையும் திறந்து போட்டுத் தூங்க முடியுமா? அதோடு என் செல்போனில் ஊர்க்காரர்களின் வங்கிப் புத்தகம் இல்லை.

ஒன்று கேட்கிறேன்: ஏதாவது ஒரு கடை இந்தப் பொத்தான் விஷயத்தில் வாடிக்கையாளர் சொல்லிக் கேட்டிருக்கிறதா?


சிரட்டைப்பால், குலசேகரம்:

கேட்டிருக்கிறது அக்கா. ஜி.ஓ.ஜி. என்ற போலந்துக் கடை 2008-இலிருந்து பூட்டு இல்லாத, அதாவது இணையத்தில் அனுமதி கேட்காமல் ஓடும் விளையாட்டுகளை விற்கிறது. அதன் லாஞ்சர் பெயர் கேலக்ஸி, கட்டாயமில்லை. 2017 ஆகஸ்டில், இன்ஸ்டாலர்களுக்குள் கேலக்ஸியையும் சேர்த்துத் தரப்போவதாக அறிவித்தார்கள். வேண்டாம் என்பவர்கள் கட்டத்தில் டிக்கை எடுத்துவிடலாம் என்றார்கள். வாடிக்கையாளர்கள் விடவில்லை, கேட்காததை ஏன் இறக்க வேண்டும், எங்கள் இணையத்துக்கு நாங்கள்தானே காசு கட்டுகிறோம் என்று பிடித்துக்கொண்டார்கள். கேலக்ஸி சேராத இன்ஸ்டாலர்களும் தொடர்ந்து கிடைக்கும் என்று நிறுவனம் இறங்கி வந்தது. இன்றும் கிடைக்கிறது.

இன்னொன்றும் சொல்ல மறந்துவிட்டேன். ஸ்டீம் லாஞ்சர் 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8-க்கு ஆதரவை நிறுத்திவிட்டது. பழைய கணினியில் விளையாட்டு ஓடினாலும் லாஞ்சர் ஓடாது என்றால் என்ன செய்வது? கையில் இன்ஸ்டாலர் இருப்பவனுக்கு அந்தக் கவலை இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் பழைய கணினி ஏதாவது கிடந்தால் தூசி தட்டிப் பாருங்கள்.


குழித்துறை குமாஸ்தா:

நான் வழக்கறிஞர் இல்லை, வழக்கறிஞரிடம் இருபது ஆண்டாகக் கோப்பு சுமப்பவன். சகோதரி கேட்ட சட்டம் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள். வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகைத் திரை உத்திகளைப் பெயர் சொல்லித் தடை செய்கின்றன. ஒரு தகவலைத் தூக்கிக் காட்டி இன்னொன்றை மறைப்பது அதில் ஒரு வகை. கேட்ட சேவையைப் பெறுவதற்குச் சம்பந்தமில்லாத வேறொரு செயலியை இறக்கச் செய்வது இன்னொரு வகையில் வருகிறது. இந்தியாவில் விற்கும் எல்லா இணையத் தளங்களுக்கும் இது பொருந்தும். பச்சைப் பொத்தானையும் சாம்பல் வரியையும் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; இரண்டும் ஒரே படத்தில் அடங்காது, மூன்று படம் வேண்டியிருக்கும். அந்த இடைவெளிதான் உங்கள் சாட்சி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அது முறையீட்டைப் பதிவு செய்து நிறுவனத்துக்கு அனுப்பும். தீர்ப்பு சொல்லும் இடம் அது கிடையாது.

இரண்டாவது, 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன்படி சம்மதம் என்பது சுதந்திரமாக, எதற்கென்று தெரிந்து, தெளிவான ஒரு செயலால் கொடுக்கப்பட வேண்டும். நிறுவனமே டிக் போட்டு வைத்த கட்டம் அந்த அளவுகோலுக்கு நிற்காது என்பது என் கருத்து. கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். அறிவிப்பைத் தமிழில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் தேவை. அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் அவர்களுக்குக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. நல்ல சட்டம். ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். உங்கள் மகன் 1990 என்று போட்டதால் அந்த நிறுவனம் ‘எங்களுக்குச் சிறுவன் என்று தெரியாதே’ என்று கையை விரிக்கும். அதை முதலில் திருத்துங்கள்.

கசப்பான ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. அதே சட்டத்தின் கண்ணில் நீங்களும் பிறர் தகவலை வைத்திருப்பவர். இருநூறு பேரின் ஆதார் வேலை முடிந்தபிறகும் டெஸ்க்டாப்பில் ஏன் கிடக்கிறது? லாஞ்சரிடம் நீங்கள் கேட்கும் கேள்வியை முளகுமூட்டுப் பாட்டி உங்களிடம் கேட்டால்?

போகிற போக்கில் ஒரு தகவல்: அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், டிஜிட்டல் பொருளை விற்பவர் ‘வாங்கு’ என்ற சொல்லைப் போட்டால், கிடைப்பது உரிமம்தான் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நிரந்தரமாக இறக்கி வைத்து இணையமின்றிப் பயன்படுத்தும்படி விற்பவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் சாம்பல் வரிக்கு அங்கே அவ்வளவு மதிப்பு.


மேட்டுக்கடை சேவை மையம்:

குமாஸ்தா சார் கேட்டது சுட்டது. இரண்டு நாள் இங்கே வராமல் இருந்ததற்கு அதுதான் காரணம். அந்த ஃபோல்டரை உட்கார்ந்து பார்த்தேன். 2022-இல் செய்துகொடுத்த பான் அட்டைக்காரர்கள்கூட அதில் இருந்தார்கள், ஒருவர் காலமாகிவிட்டார். நடந்துகொண்டிருக்கும் பதினொரு விண்ணப்பத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்தேன். இனி ரசீது எண் வந்த அன்றே அழிப்பது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன், எனக்கு நானே.

என் தம்பியின் பழைய கணினி பரணில் இருந்தது, விண்டோஸ் 7. மேலே ஒரு சாக்குக் கொல்லாங்கொட்டை வைத்திருந்தார்கள். துடைத்துக் கீழே இறக்கினேன். சாம்பல் வரி இன்ஸ்டாலர் மூன்று கோப்பாக இறங்கியது, மொத்தம் 11 ஜி.பி. நடுவில் மழை பெய்து, ஒரு தென்னை மட்டை கேபிள் மேல் விழுந்து, இணையம் ஒரு இரவு முழுக்கப் போனது. மறுநாள் மிச்சத்தை இறக்கினேன். பென் டிரைவில் ஏற்றும்போது குலசேகரத்துத் தம்பி சொன்னபடியே ‘ஏறாது’ என்றது. எக்ஸ்ஃபேட் ஆக்கியதும் ஏறியது. அந்தப் பழைய கணினியில் நெட்வொர்க் கம்பியே செருகவில்லை, ஆகவே ஃபயர்வால் வேலையும் மிச்சம். முதல் முறை படம் கொஞ்சம் இழுத்தது, தரத்தைக் குறைத்ததும் சரியாகிவிட்டது. மகனுக்கு முகம் கோணல்தான், பெரிய திரை போய்விட்டது என்று. ஆனால் கணினி அவன் அறையிலேயே இருக்கிறது என்பதை இன்னும் அவன் முழுதாக உணரவில்லை. உணர்ந்ததும் எனக்கு வேறு தலைவலி ஆரம்பிக்கும்.

சேமிப்பு விஷயத்தில் அருமனைத் தம்பி சொன்னதை எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் சேமிப்பு ஃபோல்டரைப் பென் டிரைவுக்கு நகலெடுக்க வேண்டும் என்பது மகனுக்கு வேலை. முதல் ஞாயிறு மறந்துவிட்டான்.

கணக்கை நீக்கச் சொல்லி அந்தக் கடைக்கு எழுதினேன். பதில் வந்தது: அடையாளத்தை உறுதிசெய்ய அரசு அடையாள அட்டையின் நகலை அனுப்ப வேண்டுமாம்! தொடங்கும்போது ஒரு மின்னஞ்சலும் ஒரு பொய்ப் பிறந்த ஆண்டும் போதுமாக இருந்தது. பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்துதான் எழுதுகிறேன், வேறு எதுவும் தர மாட்டேன் என்று பதில் போட்டேன். நான்கு நாள் சத்தமில்லை. பிறகு, ஏற்றுக்கொண்டோம், 30 நாளில் நீக்குவோம் என்றார்கள். விளையாட்டின் இன்ஸ்டாலர் கையில் இருப்பதால் கணக்கு போனாலும் கவலை இல்லை. பொத்தான் விஷயத்தை 1915-இல் சொல்லி, மூன்று படத்தையும் ஏற்றியிருக்கிறேன்.

பாட்டியின் உதவித்தொகை வந்துவிட்டது. நன்றி சொல்ல ஒரு சீப்பு செந்துளுவன் பழத்தோடு வந்தவர், திரையை எட்டிப் பார்த்து, “அந்த வாள்காரியை மாற்றிவிட்டார்களா?” என்று விசாரித்தார். மாற்றலாகிப் போய்விட்டாள் என்று சொல்லிவிட்டேன்.

முறையீட்டு எண் வந்திருக்கிறது, பதில் இன்னும் இல்லை. வந்தால் எழுதுகிறேன்.